சுமங்கலி டிசைன்

மவுஸிலிருந்து கையை எடுத்துத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தபோது சிவசங்கரிக்கு மவுஸ் அழுத்தும் சத்தம் கேட்டது. டிக். சற்றுப் பொறுத்து இன்னொரு டிக். மேசைமேல் மவுஸ் சும்மா கிடந்தது. வெளியே மழை, ஜன்னலை ஒட்டி நின்ற பனிமூட்டம், பகல் மூன்று மணிக்கே போடவேண்டியிருந்த டியூப்லைட்டின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தச் சின்னச் சத்தம் தனியாகக் கேட்டது. பல்லியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுகணம் திரையில் இருந்த கல்யாண ஆல்பம் மறைந்து, போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் தானே மூடிக்கொண்டது. காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

மலையாள நாட்டு ஏலமலை ஊரான வண்டன்மேட்டில் அவளும் புருஷன் சுடலைமணியும் நடத்தும் ஸ்டுடியோ, வீட்டின் முன்னறைதான். படம் எடுப்பது அவன், அதை மனுஷர் பார்க்கும்படி ஆக்குவது அவள். கல்யாண ஆல்பத்தைவிட அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். புருஷன் இருக்கும்போதே ஒரு பெண் போய்விட்டால் அவள் படத்துக்குச் சிவப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் எட்டணா அளவு குங்குமம், கீழே 'சுமங்கலியாக இறைவனடி சேர்ந்தார்' என்று ஒரு வரி. இந்த டிசைன் சங்கரி போட்டது. உயிரோடிருந்தவளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராதவன்கூட, "இன்னும் ரெண்டு முழம் சேத்துப் போடுங்கக்கா" என்று பின்னால் வந்து நிற்பான். சுடலைமணியும் அந்த ரகம்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள் பூ வாங்கியதில்லை. கேட்டால் வாசனைக்குத் தலை வலிக்கும் என்பான்.

சாஃப்ட்வேரை மறுபடி திறந்தாள். ஆல்பத்தோடு, அவள் திறக்காத இன்னொரு ஃபைலும் வந்து நின்றது. தலைப்பில் 'ரெக்கவர்டு', அதாவது மீட்கப்பட்டது, என்று இருந்தது. சிவப்புக் கரை, குத்துவிளக்கு, நடுவில் வெற்றிடம். பழைய வேலை ஏதோ மிச்சம் கிடக்கிறது என்று மூடினாள். தற்காலிக ஃபைல்களை அழித்தாள், புதிதாக ஏற்றிய எழுத்துருக்களை நீக்கினாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். நாளைக் காலை ஆல்பம் கொடுக்கவேண்டும் என்ற எரிச்சலில் மானிட்டரின் தலையில் ஒரு தட்டும் தட்டினாள்.

டிக். டிக். மூடிக்கொண்டது.

இந்தத் தடவை திறந்தபோது வெற்றிடத்தில் ஒரு புடவை இருந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும். எலுமிச்சை மஞ்சள், காப்பிக் கலர் கரை. அவளுடைய புடவை.

போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டுதான் மாட்டுப்பட்டி அணைக்குப் போனாள். அவனாகவே கூப்பிட்டிருந்தான். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான், வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்திப் படம் எடுத்தான்.

"நேரா பாரு, சங்கரி. சிரிக்காத."

"சிரிக்காம நிக்கதுக்கு இது என்ன எழவு வீடா?" என்று இவள் கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் முகம் அடங்கும்வரை கேமராவை இறக்காமல் காத்திருந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அவன் தோளில் சாய்ந்தே வந்தாள். அத்தனை சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம் அவள் பிறந்தநாள். அதற்குத்தான் ரகசியமாக ஏதோ செய்கிறான், எடுத்த டிசைனைப் பார் கிறுக்கன், என்று எண்ணிக்கொண்டாள். அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே போன் செய்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீக?"

"கட்டப்பனைல. ஆல்பம் பிரிண்ட் போடுத எடத்துல. வர ஆறு மணியாவும். ஏன்?"

"சும்மாதான். சிஸ்டம் மூடிக்கிட்டே இருக்கு."

"கொஞ்ச நேரம் அத நோண்டாம சும்மா இரு."

அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் எல்லாம் ஓடு. பின்கட்டில் ஏலக்காய் உலர்த்தும் பழைய அறைக்கு மட்டும்தான் தகரம். கட்டப்பனையிலும் தகரக் கூரை இருக்காதா என்ன, என்று தன்னையே அதட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மலையாளிப் பையன் ஜிஜோவை அழைத்தாள். அவன் தன் கடையிலிருந்தே இவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தான். திரையில் அம்பு இங்கும் அங்கும் ஓடியது.

"சேச்சி, டிஸ்க்ல ஸ்பேஸ் எல்லாம் உண்டு. ப்ராப்ளம் அது இல்ல. சுடலைமணி சேட்டனோட லேப்டாப் உங்க ஃபோல்டர்லதான் சேவ் ஆகுது. அவர் அங்க சேவ் பண்ணும்போதெல்லாம் இங்க கிராஷ் ஆகும்."

அந்த ஏற்பாடும் அவளுடையதுதான். பென்டிரைவைத் தொலைத்துவிட்டு வருகிறவன் என்று, அவன் படங்கள் நேரே தன்னிடம் வந்து சேரும்படி அவள்தான் அமைத்து வைத்தாள். அவனுக்கு அது மறந்தே போயிருக்கும்.

"கட்டப்பனைல இருந்தா சேவ் பண்ணுதாக?"

"அங்கேருந்து முடியாது சேச்சி. லேப்டாப் இப்போ உங்க வீட்டு வைஃபைலதான் இருக்கு. ஏன், சேட்டன் வீட்ல இல்லையா?"

அவள் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். ஓட்டின் மழைக்கு அடியில், பின்கட்டிலிருந்து, இப்போது தெளிவாகக் கேட்டது.

டிக். டிக்.

திரையில் முகம் வந்துவிட்டது. சிரிக்காத முகம். தலை நிறைய மல்லிகை. நெற்றியில் அவள் வைத்துக்கொள்ளாத எட்டணா குங்குமம். தோற்றம் என்ற இடத்தில் அவள் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் இன்றைய தேதி.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது வேறொன்று. அணைக்கரையில் அவன் வாங்கித் தந்த ஐஸ்கிரீம் நினைவுக்கு வந்தது. தோளில் சாய்ந்து வந்தேனே பாவி, என்று வாய்விட்டே சொன்னாள். அப்போதும் இவன் மனதுக்குள் பூவை எங்கே வைப்பது என்று அளவெடுத்துக்கொண்டுதானே வந்திருப்பான்.

எழுந்தாள். முன்கதவுத் தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். அசையவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தாள். வெளியே பூட்டு தொங்கியது. மழையில் நனைந்து. அதற்கப்பால் பனி. பனிக்குள் ஏலச்செடிகள். ஆள் இல்லை.

கவிழ்த்து வைத்த போனிலிருந்து "சேச்சி? சேச்சி?" என்று ஜிஜோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் போனை எடுக்க மேசைக்கு ஓடினாள்.

பின்கட்டில் சத்தம் நின்றது.

மேசையோரத்துப் பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ உருண்டது. தாள் நகர்ந்தது. முதலில் சிவப்புக் கரை. பிறகு விளக்குகளின் சுடர். மல்லிகை. நெற்றி. குங்குமம். வரிவரியாக அவள் கண்கள் வெளியே வந்தன. நேராக அவளையே பார்த்தன.

பின்கட்டு அறையைத் திறந்தால் மட்டும் வீட்டுக்குள் வரும் பழைய ஏலக்காய் வாசனை, அப்போது வந்தது. கூடவே இன்னொரு வாசனை.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஈரக்கால். ஒன்று. இரண்டு. குளிர்ந்த விரல்கள் அவள் கொண்டையை விலக்கின. சில்லென்று ஒரு மல்லிகைச் சரம் தலையில் ஏறியது. மேலே இன்னொன்று. இன்னொன்று. படத்தில் இருந்த அளவுக்கே.

"நேரா பாரு, சங்கரி," என்றான். "சிரிக்காத."