மேனேஜரின் பச்சை வால்

துருவி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேள்வி கேட்பதால் சித்தி வைத்த பெயர்.

"நம்ம வீட்டுல ரெண்டு துருவி இருக்கு. ஒண்ணு காரட் துருவ, இன்னொண்ணு என் உயிரை எடுக்க" என்பாள் சித்தி. ஆனால் துருவி ஒரு நாள் மாடிக்கு வராவிட்டால், "எங்கே அவளைக் காணோம்?" என்று முதல் ஆளாகப் படியிறங்கி வருவதும் சித்திதான்.

சித்தி ஓர் ஓவியர். முன்பு ஓர் அலுவலகத்தில் சோப்பு உறைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "பூவுக்கு இன்னும் கொஞ்சம் ரோஸ் போடு", "வேண்டாம், ரோஸைக் குறை" என்று ஆளாளுக்குச் சொன்னதில் சலித்துப்போய் வேலையை விட்டுவிட்டாள். இப்போது தனக்குப் பிடித்ததை வரைந்து, சட்டையிலும் தொப்பியிலும் சின்னப் பர்ஸிலும் அவளே அச்சிடுகிறாள்.

மாடி அறையின் நடுவில் ஹீட் பிரஸ் என்ற இயந்திரம் இருந்தது. படம் அச்சான தாளைச் சட்டையின் மேல் வைத்து, இயந்திரத்தின் மூடியை இறக்கி அழுத்த வேண்டும். சூட்டில் படம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து சூடு ஆறி, மூடி வெதுவெதுப்பானதும் அதன் மேல் ஏறிப் படுத்துக்கொள்ள ஓர் ஆள் தினமும் வரும். அதுதான் மேனேஜர்.

மேனேஜர் ஒரு சாம்பல் நிறப் பூனை. ஒரு காது நுனி கிழிந்திருக்கும். முதுகில் பிறை மாதிரி வெள்ளைத் திட்டு. குப்புறப் படுத்து, முன்னங்காலால் கண்ணை மூடிக்கொண்டுதான் தூங்கும். காலையில் ஜன்னல் வழியாக வரும், மத்தியானம் போய்விடும். நடுவில் தூக்கத்தைத் தவிர வேறு வேலை எதுவும் செய்ததில்லை.

"எல்லாரும் வேலை செய்யும்போது தூங்குதில்ல, அதான் மேனேஜர்னு பேர் வச்சேன்" என்றாள் சித்தி.

அந்தத் தூக்கத்தைத்தான் அவள் படமாக வரைந்தாள். அந்தப் படத்தைத்தான் ஏறக்குறைய எல்லாச் சட்டையிலும் அச்சிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் கைவினைச் சந்தையில் சித்திக்கு முதல் தடவையாக ஒரு கடை கிடைத்திருந்தது. அவள் சாப்பிட உட்கார்ந்தால்கூடச் சந்தையைப் பற்றியே பேசினாள்.

சந்தைக்கு முதல் நாள் துருவி மேனேஜரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "சித்தி, மேனேஜர் ஏன் இவ்வளவு தூங்குது?"

"பூனைன்னா அப்படித்தான்."

"கிண்ணத்துல வச்ச சாப்பாட்டுல பாதி அப்படியே இருக்கே?"

"டயட்ல இருக்கும்."

"வாலுல ஏன் பச்சையா இருக்கு?"

சித்தி எட்டிப் பார்த்தாள். வால் நுனியில் பளிச்சென்று பச்சை.

"புல்லுல புரண்டிருக்கும்."

துருவி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். பச்சை போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். புல் வாசனை இல்லை, பெயிண்ட் வாசனை. சித்தியின் அறையிலோ பெயிண்ட் டப்பாவே கிடையாது. நிஜமாகவே பூனைக்கு வயிறு நிறைந்திருக்கிறதா என்று அதை மெல்லப் புரட்டித் தடவினாள். நிறைந்துதான் இருந்தது. வயிற்றின் நடுவில் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டும் இருந்தது. மேனேஜர் ஒரு தடவை முறைத்துவிட்டு மறுபடி குப்புறப் படுத்தது.

"அதை விடுடி. எனக்கு இன்னும் தொப்பி பாக்கி இருக்கு" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கூடத்தில் மேசைகளைப் போட்டிருந்தார்கள். சந்தை திறக்க இன்னும் நேரம் இருந்தது. சித்தியும் துருவியும் சட்டைகளைக் கம்பியில் மாட்டி முடித்தார்கள். வரிசையாக மேனேஜர்கள் தூங்குவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

எதிர்க் கடைக்காரர் அப்போதுதான் வந்தார். ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லியான ஓர் அண்ணன். அவரும் ஓவியர்தான். மூட்டையைப் பிரித்துத் துணிப்பைகளை எடுத்து மாட்டினார். சித்தியின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு பையிலும் ஒரு சாம்பல் பூனை. கிழிந்த காது. கண்ணை மூடிய முன்னங்கால். ஒரே ஒரு வித்தியாசம்தான். இந்தப் பூனை மல்லாந்து படுத்திருந்தது.

"அது என் படம்!" என்றாள் சித்தி.

பை அண்ணன் திரும்பினார். சட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அது என் படம்!"

"மல்லாத்திப் போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"நீங்கதானே குப்புறப் போட்டிருக்கீங்க!"

சத்தம் கேட்டுச் சந்தைப் பொறுப்பாளர் ஓடி வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார்.

"இங்க சொந்தப் படம் மட்டும்தான் விற்கலாம். யார் யாரைப் பார்த்து வரைஞ்சதுன்னு தெரியுற வரைக்கும் ரெண்டு பேரும் பூனையை மூடி வைங்க" என்று சொல்லி, ஆளுக்கொரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார்.

சித்தி துணியால் கம்பியை மூடினாள். மேசையில் மீதி இருந்தது நாலைந்து தொப்பிகள்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி அழப்போகிறாள் என்று துருவிக்குத் தெரிந்தது.

ஆனால் துருவியின் கண் மட்டும் எதிர்க் கடையை விட்டு நகரவில்லை. அங்கே துணிக்கு வெளியே ஒரு பை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதில் பூனையின் வயிறு தெரிந்தது. வயிற்றின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"சித்தி, உங்க படத்துல மேனேஜரோட வயிறு தெரியுமா?"

"குப்புறப் படுத்தா எப்படித் தெரியும்? இப்ப போய்க் கேள்வி கேக்காதே."

"அப்ப வயித்துல பொட்டு இருக்குன்னு அந்த அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

சித்தி நிமிர்ந்தாள். "பொட்டா? மேனேஜருக்கா?"

"நான் நேத்து புரட்டிப் பார்த்தேனே! உங்களுக்கே தெரியாது. உங்க படத்தைப் பார்த்து வரைஞ்சிருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

சித்தி யோசித்து முடிப்பதற்குள் துருவி எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். பை அண்ணன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் துருவிக்குப் பாவம் மறந்து போனது. நகம், விரல் இடுக்கு எல்லாம் பச்சை.

"அண்ணா, உங்க கையில என்ன பச்சை?"

"மைம்மா. நான் சட்டத்துல துணியைக் கட்டி, அது வழியா மையைத் தள்ளிப் பையில அச்சடிப்பேன். சோப்புப் போட்டாலும் லேசுல போகாது."

"உங்க பூனை வாலுலயும் பட்டிருக்கா?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமை இளவரசி மை டப்பாவுல வாலை விட்டுட்டா! உனக்கு எப்படித் தெரியும்?"

"இளவரசியா?"

"என் பூனை. மத்தியானம் வருவா. பைங்க காயுற பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தூங்குவா. பொழுது சாய்ஞ்சா கிளம்பிடுவா."

துருவி திரும்பிக் கத்தினாள். "சித்தி! போன் கொண்டு வாங்க!"

இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் குடும்பப் படத்தைவிடப் பூனைப் படம்தான் அதிகம். அதே காது. அதே கால். அதே பச்சை வால். சித்தியும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் யாரைப் பார்த்தும் வரையல" என்றார் அண்ணன் மெதுவாக. "இதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்."

"நானும் இதைப் பார்த்துத்தான்..." சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க."

"நானும்தான் கத்தினேன். அக்கம்பக்கத்துக் கடைக்கெல்லாம் கேட்டிருக்கும்."

பொறுப்பாளர் படங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். வெள்ளைத் துணிகளை அவரே உருவி எடுத்தார். "காப்பி அடிச்சது யாருமில்லை. ரெண்டு பேரையும் ஏமாத்தினது ஒரே ஆளு!"

சந்தை திறந்தது. பூனையின் முதுகு ஒரு பக்கம், வயிறு எதிர்ப் பக்கம். வந்தவர்கள் இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சட்டை வாங்கியவர்களில் பாதிப் பேர் பையும் வாங்கினார்கள். துருவிக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. காலையிலும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். ஒரு பூனைக்கு எதற்கு அவ்வளவு அலுப்பு?

சாயந்தரம் பன் விற்க வந்த பேக்கரி அக்கா கூடையோடு சித்தியின் கடை முன்னால் நின்றார். சட்டையை உற்றுப் பார்த்தார்.

"அட, இது எங்க வாட்ச்மேன் ஆச்சே!"

"வாட்ச்மேனா?" என்றார்கள் சித்தியும் பை அண்ணனும் ஒரே குரலில்.

"ஆமா. ராத்திரி நாங்க மாவு பிசையும்போது வரும். விடியுற வரைக்கும் கண்ணைச் சிமிட்டாம எலியை விரட்டும். விடிஞ்சதும் வயிறு நிறையப் பால் குடிச்சிட்டுத்தான் கிளம்பும். எங்க கடையில அதைவிட உழைப்பாளி யாருமில்லை. அது சரி, படத்துல ஏன் தூங்குது? அது தூங்கி நான் பார்த்ததே இல்லையே!"

துருவி விழுந்து விழுந்து சிரித்தாள். தூக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பாதிச் சாப்பாட்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. பன் ஒன்றும் கிடைத்தது.

மறுநாள் காலையில் நால்வரும் மாடி அறையில் கூடினார்கள். அடுத்த சந்தைக்குச் சேர்ந்தே பை செய்வதென்று சித்தியும் அண்ணனும் முடிவு செய்திருந்தார்கள். முன்பக்கம் முதுகு, பின்பக்கம் வயிறு, உள்ளே கண் திறந்திருக்கும் முகம். அந்த முகத்தை வரைய வேண்டுமானால் பூனை விழிக்க வேண்டும். பேக்கரி அக்கா அதற்காகவே வந்திருந்தார்.

"மேனேஜர்!" என்று கூப்பிட்டாள் சித்தி.

ஹீட் பிரஸ் மேல் ஓர் அசைவும் இல்லை.

"இளவரசி!" என்று கொஞ்சினார் அண்ணன்.

பச்சை வால் மட்டும் சலிப்போடு ஒரு தடவை ஆடியது.

"வாட்ச்மேன்!" என்று அதட்டினார் பேக்கரி அக்கா.

பூனை முன்னங்காலைக் கண்ணின் மேல் இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டது.

"இதுல எதுதான் அதோட நிஜப் பேர்?" என்று அலுத்துக்கொண்டாள் சித்தி.

"பென்சிலை எடுத்து வச்சுக்குங்க" என்றாள் துருவி. பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்து, விரலால் டிங் என்று ஒரு தட்டுத் தட்டினாள்.

முன்னங்கால் விலகியது. மஞ்சள் நிறத்தில் ஒரு கண் திறந்தது.