நூறு எண்ணுவதற்குள்

மதியம் இரண்டு மணி இருக்கும். தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எண்ணுவது, இரவுப் பணி முடிந்து படுத்திருந்த சுமாலிக்குக் கேட்டது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. பக்கத்து வீட்டுச் சிறுமி பாடம் படிக்கிறாள் என்று நினைத்துப் புரண்டு படுத்தாள். அந்தக் குடும்பம் சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எழுந்து சுவரில் காதை வைத்தாள். ஈரம் ஊறிய சுண்ணாம்பின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. அந்தச் சுண்ணாம்பு வாசனைக்குள் கற்பூரத் தைலத்தின் வாசனையும் இருந்தது. குரல் வயதான ஆணுடையது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் பல்லைக் கடித்து மூச்சை இழுத்துக்கொண்டது.

ஏழாம் படுக்கை. கம்தோன் தாத்தா.

லம்பாங் பக்கம் தேக்கு மில்லில் மரம் அறுத்தவர். புற்று முதுகெலும்புக்குப் பரவி, பத்தொன்பது நாளைக்கு முன்னால் அவள் செவிலியாக இருக்கும் வார்டில் இறந்துபோனார். அவருக்கு இப்படி எண்ணக் கற்றுக்கொடுத்தவளே சுமாலிதான்.

"ஊசி போட்டாச்சு தாத்தா. நூறு வரைக்கும் எண்ணுங்க, வலி அடங்கிடும்."

எண்ணி முடித்ததும் கூச்சத்தோடு கூப்பிடுவார். "மகளே, நூறு ஆயிடுச்சே."

"இன்னொரு தடவை எண்ணுங்க தாத்தா."

"சரி மகளே. நான்தான் அவசரமா எண்ணிட்டேன் போல."

அவர் உடம்பில் ஏறியது வெறும் உப்புத் தண்ணீர். அவருக்கான மார்ஃபின் சுமாலியின் சீருடைப் பையில் இருந்தது. அவர் இரண்டாம் முறை ஐம்பதைத் தொடுவதற்குள் அவள் கழிவறைக்குள் போய்த் தாழிட்டிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நோயாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. போட்டது போக மிஞ்சிய மருந்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டும், ஒருநாள் ஊற்றவில்லை. இன்று மட்டும் என்றாள். இந்த மழைக்காலம் மட்டும் என்றாள். போதை மாத்திரை போட்டு லாரி ஓட்டி அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்து, "இதுகளுக்கெல்லாம் பழக்கம் விடாது" என்று உச்சுக்கொட்டுவாள். அந்தச் சொல்லைத் தன்னோடு சேர்த்து அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

குரல் கேட்ட அன்றும் ஊசி போட்டுக்கொண்டாள். எண்ணிக்கை நின்றது. தூங்கினாள்.

மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் குரல் திரும்பியது. மறுநாள் சமையலறையில், அரிசி ஊறும் குண்டானுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அதற்கடுத்த நாள் அலமாரிக்குள். புத்தர் நாளன்று காலையில் பிக்குவுக்கு ஒட்டரிசிச் சோறு படைத்து, புண்ணியம் தாத்தாவுக்குச் சேர அவர் பெயரைச் சொல்லி நீர் வார்க்க உட்கார்ந்தாள். குவளையைச் சாய்த்ததும் மெல்லிய தாரை இறங்கியது. அதைப் பார்த்த கணத்தில் கை நின்றுவிட்டது. உயிரோடு இருந்தபோது அவருக்கு அவள் கொடுத்ததும் தண்ணீர்தானே.

பாதி நீர் குவளையிலேயே தங்கியது.

நான்காம் நாள் மதியம். மழை இல்லை. கோழிகூடக் கத்தவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில்.

தொண்ணூற்றெட்டு.

கற்பூர வாசனை. காதுமடலில் ஈரமான மூச்சு.

தொண்ணூற்றொன்பது.

அவள் திரும்பவில்லை. கண்ணைத் திறக்கவில்லை.

"மகளே. நூறு ஆயிடுச்சே."

கோபமே இல்லாத குரல். அதே கூச்சம்.

அலறத்தான் வாய் திறந்தது. ஆனால் கை வேறெங்கோ போயிருந்தது. மெத்தைக்கு அடியில் இருந்த கடைசி மருந்துக் குப்பியை எடுத்து, அதன் கழுத்தை உடைக்க விரல்கள் தாமாகவே வளைந்திருந்தன. செத்தவர் காதோரம் மூச்சு விடுகிறார், தனக்கு இதுதான் வேண்டியிருக்கிறது. அவரைவிட அந்த விரல்களைப் பார்த்துத்தான் சுமாலி அதிகம் பயந்தாள்.

உடைக்காமல், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

தலைமைச் செவிலி வாசனா மேசைமேல் வைக்கப்பட்ட குப்பியை வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது கம்தோன் தாத்தாவோடது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அவருக்கு என்னடி போட்ட?"

"உப்புத் தண்ணி."

வாசனா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சத்தம் போடாதீங்கன்னு அந்த மனுஷனை நான் அதட்டினேன்டி. என்னைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு."

"என்னால இதைத் தனியா விட முடியலக்கா. எனக்குப் பழக்கமாயிடுச்சு. என்னைச் சேர்த்துவிடுங்க."

"போலீஸ் வரும். வேலை போகும். நான் எதையும் மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேணாம்."

வாசனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பின்கட்டில் இருக்கும் போதை மீட்புச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து ஒரு படுக்கை கேட்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இவர் ஒருத்தருக்குத்தானே?"

"ஒருத்தருக்குத்தான்."

வெளியே நடைவழியில் எண்ணும் சத்தம் எழுந்தது.

ஒன்று. இரண்டு.

இந்த முறை தாத்தா மட்டுமில்லை. ஒரு பெண் குரல். இன்னொன்று. மழலை மாறாத ஒரு குழந்தைக் குரல். எல்லாம் சேர்ந்து, மெதுவாக.

வாசனாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை; அவளுக்கு அது கேட்கவில்லை.

"பொய்க்கா," என்றாள் சுமாலி. "பேப்பர் கொடுங்க."

பெயர்களை எழுதினாள். கால் எடுக்கப்பட்ட தையல்காரி. தீக்காயத்தோடு வந்த நான்கு வயதுப் பெண். பதினொரு பெயர்கள் வந்தன. அதற்குமேல் முகங்கள்தான் நினைவில் இருந்தன, பெயர்கள் இல்லை. குரல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

"வா, போகலாம். நான் கூடவே வரேன்," என்று வாசனா அவள் தோளை அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எண்ணிக்கை நின்றது.

பின்கட்டு வரை நீளும் நடைவழி. பட்டப்பகல் வெளிச்சம். சுவரோரம் இருந்த பெஞ்சுகளில் ஓர் இடம்கூடக் காலியில்லை. பச்சை நோயாளி உடையில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைத் தையல்காரி மடியில் வைத்திருந்தாள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. சுமாலியைப் பார்த்ததும், வரிசை முழுவதும், ஒவ்வொருவராக, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை அவளை நோக்கி நீட்டினார்கள்.