மூடிக்குள் ஒரு கொசு

லொடலொடாவுக்கு வாய் ஓயாது. தூக்கத்தில்கூட அவள் பேசுவாள் என்று அவளுடைய அம்மா சத்தியம் செய்வாள். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுடைய நண்பன் பென்சில் நேர் எதிர். உயரமாக, ஒல்லியாக, அமைதியாக இருப்பான். அவனுடைய இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் அவரை விதை அளவில் ஒரு சின்ன மெஷின் இருக்கும். அது இல்லாவிட்டால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது போல் அவனுக்குக் கேட்கும். அதை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால், ஒரு சொல்லும் தப்பாது.

புதுக் கணினி வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அது சாப்பாட்டு டப்பா அளவே இருக்கும் குட்டிக் கணினி. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் டீச்சர் ஒரு நீளமான கடல் கதையை வாரம் ஓர் அத்தியாயமாக வாசிப்பார். கதைக்கு அவரே வரைந்த படங்கள் சுவரில் பெரிதாகத் தெரியும். படம் காட்டும் கருவியின் கம்பி குட்டை என்பதால் கணினி மேசையின் ஓரத்தில், பென்சிலின் மூக்குக்கு நேராக உட்கார்ந்திருந்தது.

நாளை வெள்ளிக்கிழமை. கதையின் கடைசி அத்தியாயம்.

"அந்தக் கப்பல்காரன் திரும்பி வருவானா, மாட்டானா? நீ என்ன நினைக்கிற?" என்று பள்ளி வாசலில் லொடலொடா கேட்டாள்.

"எந்தக் கப்பல்காரன்?" என்றான் பென்சில்.

லொடலொடா நின்றுவிட்டாள். "டேய், போன மாசமே வந்துட்டானே! நீகூட தலையாட்டித் தலையாட்டிக் கேட்டியே!"

"தலையைத்தான் ஆட்டினேன். கேக்கல."

அவன் கல்லொன்றைக் காலால் தள்ளினான். "அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபேன் ஓடுதுல்ல? என் மெஷினுக்கு எது கதை, எது ஃபேன்னு தெரியல. எல்லாத்தையும் சேர்த்துப் பெருசாக்கிடுது. தலை வலிக்குது. அதான் மெஷினை ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காந்துடுவேன். நாளைக்கும் அப்படித்தான்."

"டீச்சர்கிட்ட சொல்லலாமே!"

"சொன்னா கம்ப்யூட்டரையே நிறுத்திடுவாங்க. அப்புறம் யாருக்கும் படம் இருக்காது. எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. வேணாம்டி."

லொடலொடா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். இத்தனை வாரமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதையை ரசித்துக் கேட்டிருக்கிறாள். அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லட்டுமா?" என்று கடைசியில் கேட்டாள். "கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே அவங்க வேலை. வேற யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

பென்சில் யோசித்தான். பிறகு தலையாட்டினான். இந்த முறை கேட்டுத்தான் ஆட்டினான்.

லொடலொடா திரும்பி வகுப்புக்கு ஓடினாள். "டீச்சர், கம்ப்யூட்டர் பூரா தூசி! எங்கம்மா சுத்தம் பண்ணித் தருவாங்க. காலையில கொண்டு வந்துடுவோம்."

டீச்சர் கணினியின் மேல் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் சாம்பல் நிறமானது. "சரி, எடுத்துட்டுப் போங்க. ஆனா பத்திரம்! நாளைக்குக் கடைசிக் கதை. இது வரலேன்னா இந்த வகுப்பே உங்களைச் சும்மா விடாது."

லொடலொடாவின் வீட்டு முன்னறைதான் அம்மாவின் பட்டறை. சுவர் முழுக்கக் கம்பிச் சுருள்கள் தொங்கும். பாட்டில் மூடிகளில் விதவிதமான திருகாணிகள் இருக்கும். அங்கே தும்மக்கூடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. பென்சிலைப் பார்த்து, "சத்தம் 'ஊ'ன்னு வருதா, 'ஈ'ன்னு வருதா?" என்றாள்.

பென்சிலுக்கு அம்மாவை உடனே பிடித்துவிட்டது. அவனிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. "'ஊ'தான் ஆன்ட்டி. பஸ்ஸுக்குள்ளே உக்காந்த மாதிரி."

அம்மா மூடியைக் கழற்றினாள். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் வாயைப் பிளந்தார்கள்.

உள்ளே ஒரு குட்டி ஊரே இருந்தது. பச்சைப் பலகையில் முடியைவிட மெல்லிய பாதைகள் ஓடின. நடுவில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு விசிறி இருந்தது.

"இதுக்கு அடியிலதான் கம்ப்யூட்டரோட மூளை இருக்கு," என்றாள் அம்மா. "யோசிக்க யோசிக்கச் சூடாகும். சூட்டை இந்தத் தகடு வாங்கிக்கும். ஃபேன் ஊதி ஊதி வெளியே தள்ளும். பெரிய ஃபேன்னா நிதானமாச் சுத்தினா போதும். இது சின்னது, அதான் இவ்வளவு வேகமாச் சுத்திக் கத்துது."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்றாள் லொடலொடா.

அம்மா அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு விசிறிகளை எடுத்தாள். ஒன்று அப்பளம் போலத் தட்டையானது. மற்றது கொஞ்சம் அகலம், கொஞ்சம் உயரம். அதன் இறக்கைகள் வளைந்து அழகாக இருந்தன.

"மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்போம். கம்ப்யூட்டருக்கு ஒரே மாதிரி கஷ்டமான வேலை குடுப்போம். சூடு எவ்வளவுன்னு திரையில தெரியும். சத்தம் எவ்வளவுன்னு இது சொல்லும்." அம்மா கைப்பிடி வைத்த ஒரு மீட்டரை ஒரு கை தூரத்தில் வைத்தாள்.

முதலில் பழைய விசிறி. பிறகு தட்டை. பிறகு அகலமானது. ஒவ்வொன்றுக்கும் மூடியைப் போட்டு, காத்திருந்து, மீட்டரைப் பார்த்தார்கள்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "மூணுக்கும் ஒரே நம்பர் வருதே! மீட்டர் கெட்டுப் போச்சா?"

பென்சில் மெதுவாக விரலை மேலே காட்டினான். அம்மாவின் தலைக்கு நேர் மேலே கூரை விசிறி தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிற ஃபேனுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன்! என் தலைக்கு மேல ஓடுறது எனக்குத் தெரியல!"

கூரை விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியது, அதையும் நிறுத்தினார்கள். அப்படியும் மீட்டரின் எண் குதித்துக்கொண்டே இருந்தது.

"இன்னும் ஏதோ ஓடுது," என்றாள் அம்மா.

"என்னம்மா ஓடுது? எல்லாத்தையும்தான் நிறுத்தியாச்சே! நானே போய் நிறுத்தினேனே! ஃப்ரிட்ஜைக்கூட நான்தானே..."

அம்மாவும் பென்சிலும் அவளையே பார்த்தார்கள்.

லொடலொடா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வந்தது அமைதி. குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அப்படி ஓர் அமைதி. லொடலொடா பிறந்ததிலிருந்து அந்த அறையில்தான் வளர்கிறாள். ஆனால் கடிகாரத்தின் முள் நகரும் சத்தத்தை அவள் அன்றுதான் கேட்டாள். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. தன் மூச்சு போய் வருவதும் கேட்டது. இத்தனை சத்தங்கள் இத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தன? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பென்சிலைப் பார்த்தாள். அவன் கண்களை அகல விரித்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுபடி சோதனை தொடங்கியது. பழைய விசிறிக்கு மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. சூடு எண்பத்தைந்து டிகிரி. தட்டை விசிறிக்குச் சத்தம் முப்பத்து மூன்றுதான். லொடலொடா துள்ளினாள். ஆனால் சூடு ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூற்றேழைத் தொட்டது. கணினி ஆமை போல் ஆகிவிட்டது.

"இது தூங்குற காவல்காரன் மாதிரி," என்றாள் அம்மா. "சத்தமும் இல்ல, வேலையும் இல்ல."

அகலமான விசிறிக்குச் சத்தம் முப்பத்தொன்று. சூடு எழுபத்தெட்டு. "ஆஹா! இதுதான் நம்ம ஆளு!" அம்மா திருகாணியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி," என்றான் பென்சில் தயங்கியபடி. "இதுல 'ஈ'ன்னு வருது. காதுக்குள்ளே கொசு பறக்கிற மாதிரி. பஸ்ஸே பரவாயில்ல."

அம்மா மீட்டரைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணுதானே கண்ணு காட்டுது. மீட்டர் பொய் சொல்லாதே."

"அம்மா, மீட்டரா நாளைக்கு வந்து கதை கேக்கப் போகுது?" என்றாள் லொடலொடா. "கேக்கப் போறது இவன்தானே. இவன் காது சொல்றதைத்தான் நாம கேக்கணும்."

அம்மா திருகாணியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். "சரிடி, பெரிய மனுஷி. ஆனா என்கிட்ட வேற ஃபேன் இல்லையே."

பென்சிலின் முகம் வாடியது. "பரவால்ல ஆன்ட்டி. பழசையே போட்டுடுங்க. நான் ஆஃப் பண்ணிக்கிறேன்."

அம்மா மெல்ல மூடியைத் தூக்கினாள். விசிறி உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"கொசு போயிடுச்சு!" என்று பென்சில் கத்தினான்.

அம்மா மூடியை வைத்தாள். "வந்துடுச்சு." தூக்கினாள். "போயிடுச்சு!"

லொடலொடா மூடியை வாங்கிப் பார்த்தாள். அதில் சல்லடை போல் ஓட்டைகள். குனிந்து விசிறியைப் பார்த்தாள். அது பழையதைவிட உயரம். மூடி போட்டால் இறக்கைகள் சல்லடையை உரசாத குறைதான். அவள் மூடியை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு விரல் அளவு மேலே நிறுத்தினாள்.

"இப்ப?"

"இல்ல."

கொஞ்சம் இறக்கினாள். "இப்ப?"

"ம்ம்... வருது, வருது!"

"அம்மா, கத்தறது ஃபேனே இல்ல! மூடி! ஓட்டை ரொம்பக் கிட்ட இருக்கு, காத்து அதுல போய் இடிக்குது. நாம புல்லைக் கிட்ட வச்சு ஊதினா பீப்பீன்னு கத்துமே, அது மாதிரி!"

அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பாட்டுக்கு ஃபேனை மாத்திக்கிட்டே இருந்திருப்பேன்," என்றாள்.

மூடியை உயர்த்த நடுவில் ஏதாவது வேண்டும். லொடலொடா ஓடிப்போய் வார் அறுந்த தன் பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தாள். கழுவித் துடைத்த பிறகுதான் அம்மா அதை மேசையில் வைக்கவிட்டாள். அடிப்பாகத்தில் விசிறி அளவுக்கு வட்டம் வரைந்து, உள்ளேயும் வெளியேயும் வெட்டி, வளையலைப் போல் ஒரு வளையம் எடுத்தார்கள்.

வெட்டி முடிக்கும்வரை லொடலொடா சும்மா இருக்கவில்லை. பென்சில் கேட்காத அத்தனை அத்தியாயங்களையும் புயல், திமிங்கலம், கப்பல்காரன் எல்லாவற்றோடும் சொல்லி முடித்தாள். அந்த வாய்க்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது.

வளையத்தை விசிறிக்கும் மூடிக்கும் நடுவில் வைத்து, நீளத் திருகாணிகள் போட்டு முடுக்கினார்கள். மறுபடி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. பென்சில் கண்களை மூடிக் கேட்டான். "ஓடுதா ஆன்ட்டி?"

"ஓடுதுடா!"

சூட்டைப் பார்த்த அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். எழுபத்திரண்டு. சத்தம் மட்டுமல்ல, சூடும் குறைந்திருந்தது.

"எப்படிம்மா? ஃபேன் அதேதானே?"

அம்மா ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கிழித்துச் சல்லடைக்கு மேலே பிடித்தாள். காகிதம் மெல்ல வளைந்தது. பிறகு யாரோ இழுத்தது போல் போய் ஒட்டிக்கொண்டது. அம்மா அதை எடுத்துப் பின்பக்கம் பிடித்தாள். அங்கே அது படபடவென்று வெளிப்பக்கம் பறந்தது.

"இதுவரைக்கும் உள்ளே இருக்கிற சூட்டுக் காத்தையே ஃபேன் திரும்பத் திரும்பச் சுத்திவிட்டிருக்கு. இப்ப வளையம் சுவர் மாதிரி நிக்குது. வெளிக்காத்து மட்டும்தான் உள்ளே வரும்."

லொடலொடாவும் பென்சிலும் மாறி மாறிக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். கண்ணுக்கே தெரியாத காற்று ஒரு வாசலில் நுழைந்து, தகடுகளுக்கு இடையே புகுந்து, சூட்டைச் சுமந்துகொண்டு இன்னொரு வாசலில் வெளியேறுகிறது. சத்தமே இல்லாமல் இவ்வளவு வேலை! லொடலொடா காகிதத்தை மறுபடியும் சல்லடைக்கு மேலே பிடித்தாள்.

மறுநாள் கடைசி வகுப்பு. மூடி உயர்ந்து, தொப்பி போட்டது போல் கணினி மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் பொத்தானை அழுத்தினார். காதைச் சாய்த்தார்.

"என்ன இது, ஓடவே இல்லையே! சுத்தம் பண்றேன்னு கெடுத்துட்டீங்களா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவரில் கடல் விரிந்தது. நீல அலைகளும் தூரத்தில் ஒரு கப்பலும் தெரிந்தன. வகுப்பே "ஓ" என்றது.

டீச்சர் வாசிக்கத் தொடங்கினார். புயல் ஓய்ந்தது. கப்பல் கரையை நெருங்கியது. முக்கியமான இடம் வந்ததும் வழக்கம்போல் அவருடைய குரல் இறங்கி இறங்கி, கிசுகிசுப்பாக மாறியது. பிள்ளைகள் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

லொடலொடாவால் பொறுக்க முடியவில்லை. பென்சிலின் பக்கம் குனிந்து, "டேய், கேக்குதா? நல்லாக் கேக்குதா? கொசு இல்லையே?" என்றாள்.

பென்சில் திரும்பக்கூட இல்லை. கண்ணை டீச்சரிடமிருந்து எடுக்காமல் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

"ஷ்ஷ்! பேசாம இருடி. கப்பல்காரன் ஏதோ ரகசியம் சொல்றான்!"

வாயை மூடு என்று லொடலொடாவிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது அன்றுதான்.