ஏழாவது கோடு

முன்னூறு குஞ்சுகளைக் குனிந்து குனிந்து பிடித்துக் கூடையில் போட்டதில் கோழிக்காரனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஐந்து வாரம் வீட்டின் பின்னறையில், குண்டு பல்பின் சூட்டில் வளர்ந்தவை. இறகு முளைத்துவிட்டதால் இன்று வெளிக்கொட்டகைக்கு மாறின. இன்றைக்குப் பார்த்துத்தான் குளிரும் இறங்கியது.

"கோழி வளர்க்கிறது ராசா வேலைன்னு சொல்லித்தானே எங்க அக்காவைக் கட்டுனீங்க மச்சான்?" கடைசிக் கூடையை இறக்கிவிட்டு மச்சினன் சிரித்தான். "இப்போ ராசாவால நிமிரவே முடியல."

"வாயைக் குறைச்சுட்டு உள்ள போய் அடுப்பை மூட்டு."

பல்பு இல்லாத முதல் இரவில் குஞ்சுகள் சூட்டுக்காக மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். மணிக்கொரு தரம் ஆள் போய், கையை விட்டுக் கலைக்க வேண்டும். உள்ளே போகிறவர் கதவுநிலையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கோடு போட்டால்தான் முறை கணக்கு. இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவன் மனைவி.

போன குளிரின் கோடுகளை அவன் அழிக்கவில்லை. இடப்பக்கம் ஆறு. வலப்பக்கம் ஏழு. அந்த ஏழாவது அவனுடைய முறை. காய்ச்சலில் படுத்திருந்தவளிடம், "நீயே போயிட்டு வந்துடு" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டான். அவள் கோடு போட்டுவிட்டு உள்ளே போனாள். விடிந்தபோது குஞ்சுகளுக்கு நடுவே முழங்காலிட்டபடி விறைத்திருந்தாள். குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அழுகையும் வரவில்லை, சோற்றில் உப்பு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

இரவு ஏழு மணிக்குப் போனான். வழக்கமாக வைக்கும் நிலைப் பொந்தில் சுண்ணாம்புக்கட்டி இல்லை. சரி, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நுழைந்தான்.

குவியல் இல்லை. முன்னூறு குஞ்சும் தரை முழுக்க, சம இடைவெளிவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. இப்போதுதான் யாரோ கலைத்துவிட்டுப் போனதுபோல.

வீட்டுக்குத் திரும்பி, "நீ போய்க் கலைச்சியா?" என்று மச்சினனிடம் கேட்டான்.

"நானா? அடுப்பாண்ட உட்கார்ந்தவன் எந்திரிக்கவே இல்ல மச்சான். முதுகு வெந்தே போச்சு."

"சுண்ணாம்புக்கட்டி?"

"அது எனக்கு எதுக்கு? பல்லு விளக்கவா?"

எட்டு மணிக்கு மறுபடி போனான். தகரக்கூரை குளிரில் சுருங்கி டிக் டிக்கென்று ஒலித்தது. மரத்தூளும் எச்சமும் கலந்த காரநெடிக்கு அடியில் இன்னொரு வாசனை, அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை, மெல்ல மேலேறி வந்தது. டார்ச் வெளிச்சத்தில் தரையின் மரத்தூளில், குஞ்சுகளின் இடைவெளிதோறும், ஐந்தைந்து விரல் இழுத்த தடங்கள் தெரிந்தன.

தடங்கள் எல்லாம் மூலைக்குப் போயின.

மூலையில் இப்போது ஒரு குவியல் இருந்தது. முழங்கால் உயரம். மெதுவாக ஏறி இறங்கியது.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. அடியில் இருப்பவை செத்துவிடும். அது ஒன்றுதான் தோன்றியது. முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டான்.

சூடு. இறகு. சூடு. படபடக்கும் சின்ன நெஞ்சுகள். இன்னும் கீழே.

சில்லென்று இருந்தது.

விரல்கள்.

அவை அவன் கையைத் திருப்பின. உள்ளங்கையில் எதையோ வைத்து மூடின. சொரசொரப்பாக, கட்டியாக. சுண்ணாம்பு.

விடவில்லை.

"மச்சினா" என்றான். குரல் வீடுவரை எட்டவில்லை. பின்னால் தரையில் இருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்று அவன் கெண்டைக்காலில் ஏறியது. ஒன்று முதுகில். ஒன்று கழுத்தில். பிறகு எண்ண முடியவில்லை. டார்ச் உருண்டு போய், திறந்திருந்த கதவுநிலையைக் காட்டி நின்றது.

வலப்பக்கம் ஏழு. இடப்பக்கம் ஆறு.

அவளுக்கு அவன் ஒரு முறை பாக்கி.