இருபத்தைந்து சதவீதம்

"இந்த வாட்டியாவது டாக்டருகிட்ட வாயத் தொறக்காத மணிமொழி! போன வாட்டி நீ ஒளறுனதுலதான் புள்ளைக்கு வர வேண்டியது எல்லாம் போச்சு..."

விடிந்ததும் விடியாததுமாய் மாமியார் பாப்பாத்தி ஆரம்பித்துவிட்டாள். மணிமொழி மகள் ஷாலினிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வயது பதினாலு. வளர்ந்தது உடம்பு மட்டும்தான். புருஷன் அய்யப்பன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா பேச ஆரம்பித்தாலே அவனுக்கு அந்த வண்டி அழுக்காகிவிடும்!

நடந்தது இதுதான். போன தடவை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமில், "பொண்ணு தானா உடுத்துமா? கடைக்குப் போகுமா?" என்று டாக்டர் கேட்டார். அய்யப்பனின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த எலவனாசூர்கோட்டை சம்பந்தி வீட்டார் அதே வரிசையில் நின்றார்கள். "எல்லாம் தானே செய்யும் சார்" என்று முந்திக்கொண்டான் அவன், குறை பெரிதென்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயத்தில். சான்றிதழில் இருபத்தைந்து சதவீதம் என்று விழுந்தது. நாற்பது சதவீதம் இல்லாமல் எந்த உதவியும் இல்லை. வீட்டில் மாமியார் கேட்டபோது, அப்படி உளறியது தான்தான் என்று பழியை மணிமொழி ஏற்றுக்கொண்டாள். தங்கைக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் மகராசன் அய்யப்பன் உண்மையைச் சொல்ல வாய் திறக்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் மணிமொழி மாமியாருக்கு விளக்கினாள். "மாசாமாசம் வர்றது ரெண்டு வகை அத்த. தாலுகா ஆபீஸ்ல உதவித்தொகைன்னு ஒண்ணு. மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல பராமரிப்புத் தொகைன்னு ஒண்ணு. ரெண்டுல எதுனா ஒண்ணுதான் வாங்கலாம். பஸ் பாஸு, காப்பீடு அதெல்லாம் தனி. நாளைக்கு நான் இல்லன்னாலும் இவளுக்குன்னு ஒண்ணு இருக்கணும்..."

முகாமில் அதே கேள்வி வந்தது. "நீ சொல்லு அய்யப்பா, இவ சொன்னா கெட்டுடும்" என்றாள் பாப்பாத்தி. மணிமொழி தலை குனிந்துகொண்டாள்.

அய்யப்பன் டாக்டர் பக்கம் திரும்பினான். "பொத்தான் போடத் தெரியாது சார். குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது எல்லாம் இவதான்... எம்மா, போன வாட்டி பொய் சொன்னது நான்! இவ இல்லம்மா!"

வெளியே வந்ததும் பாப்பாத்தி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏன்டி சொல்லல? இந்தப் பாவி வாய் உன்ன இன்னா இன்னா பேசிச்சு!"

"சொல்லியிருந்தா உங்க புள்ளைய ஏசியிருப்பீங்க. அவரு தாங்க மாட்டாரு அத்த."

அய்யப்பன் ஏதோ சொல்ல வந்தான். "மன்னிப்பெல்லாம் வேணாங்க. நாளையிலேர்ந்து காலைல வண்டிய வுட்டுட்டு இவளுக்குச் சோறு ஊட்டுங்க, போதும்" என்றாள் மணிமொழி.

அன்று சாயங்காலமே கைக்குக் கிடைத்த புதுச் சான்றிதழில் எழுபத்தைந்து என்று வந்தது. பெற்றவள் அதைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா!

மறுநாள் காலை அய்யப்பன் சோறு ஊட்டி முடித்ததும், பாப்பாத்தியே ஷாலினிக்குச் சட்டை போட்டுவிட்டாள். முதல் பொத்தானே துளை மாறிப்போய், சட்டை கோணிக்கொண்டு நின்றது.

"இன்னா மணிமொழி, இம்மாம் கஷ்டமா இருக்குது இது!"

"தெனம் போட்டா பழகிடும் அத்த" என்று சொல்லிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு தன் காபியைச் சூடாகக் குடித்தாள் மணிமொழி.