மஞ்சள் கோட்டுக்கு ஒரு கலர் ரோல்

“ஹலோ மிஸ்! கேட்டுட்டுத்தான் எடுக்கறீங்களா?”

குடையோடு ஒருவன் லென்ஸுக்கு நேரே வந்து நின்றான். அதற்குள் ஷார்லினின் விரல் அழுத்திவிட்டது. கிளிக்! போச்சு... ரோலின் கடைசிப் படம் வீண்!

டத்தோ கிராமாட் பஸ் நிறுத்தத்தில் காலைத் தூறல். இரவு வேலை முடிந்த பெண்கள் சீருடைக் கோட்டோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் ஷார்லின் ஒரு கண்காட்சிக்காகப் படமெடுத்து வருகிறாள். வந்தவனை நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்று நிமிர்ந்தாள்... அய்யோ, என்ன கண்ணுடா சாமி! கோபத்தில்கூட இவ்வளவு அழகாக இருக்குமா?

“யாரு நீங்க?” குரலை வலுக்கட்டாயமாகக் கடுமையாக்கிக்கொண்டாள்.

“பிரையன். அதோ, மஞ்சள் கோட்டு போட்டிருக்காங்களே, எங்கம்மா. எடுத்ததைக் காட்டுங்க.”

“காட்ட முடியாது லா. இது ஃபிலிம். கழுவினாத்தான் தெரியும். அதுவும் கறுப்பு வெள்ளை.”

“கறுப்பு வெள்ளையா?” அவன் சிரித்தேவிட்டான். “அம்மா நீலக் கோட்டுல வேலைக்குச் சேர்ந்தவங்க மிஸ். லைன் லீடர் ஆனாத்தான் மஞ்சள். அதுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாங்க தெரியுமா? உங்க படத்துல அது எங்க தெரியும்?”

“கலர் இருந்தா ஜனங்க கலரைத்தான் பாப்பாங்க. எனக்கு முகம் போதும்.”

“அவங்களுக்கு அந்தக் கோட்டும் வேணுமே!”

“விடுலா பிரையன்,” என்றபடி அருகே வந்தாள் அவன் அம்மா அன்னமேரி. “பாவம், அந்தப் புள்ள நனையுது பாரு.” ஷார்லினைப் பார்த்துப் புன்னகைத்தாள். “இன்னைக்கு ராத்திரி வேலையோட ரிட்டயர் ஆவுறேன் மா. நாளைக்குக் காலையில கோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடணும். அதான் இவனுக்கு மனசு கேக்கல.”

‘சாரி’ தொண்டை வரை வந்தது. பாழாய்ப்போன ரோஷம்... ஷார்லின் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

வீட்டுக் குளியலறையில் ரோலைக் கழுவிக் காயவைத்து, நெகட்டிவைக் கைப்பேசியில் நேர்ப்படமாக மாற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாக் கோட்டும் ஒரே சாம்பல்! எது நீலம், எது மஞ்சள், எடுத்தவளுக்கே தெரியவில்லை. அன்னமேரி கூட்டத்தில் ஒருத்தியாகக் காணாமல் போயிருந்தாள்.

கடைசிப் படத்தில் அவன். அதை மட்டும் அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள்!

அன்று மாலை அன்னமேரி வேலைக்கு பஸ் ஏறும் நேரத்தை விட்டால் அந்தக் கோட்டு இனி இல்லை. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஃபிலிம் கடைக்கு ஓடினாள்.

“அடடா, கடைசி கலர் ரோல் இப்பத்தான் போச்சு தங்கச்சி,” என்று கையை விரித்தார் கடைக்காரர் சிக்கந்தர். “யாரோ ஒருத்தர். எந்த கேமராவுக்குன்னு கேட்டா முழிக்கிறார்!”

போகட்டும், மன்னிப்பாவது கேட்டுவிடலாம்... மழையில் ஓடிவந்தாள். பஸ் நிறுத்தத்தில் அதே குடை. அவன் கையில் ஒரு சின்னப் பெட்டி.

“இது உங்க கேமராவுல போவுமா?” தயங்கித் தயங்கி நீட்டினான் பிரையன். “நீங்க வருவீங்களான்னுகூடத் தெரியாது... வாங்கிட்டேன். காலையில கத்தினதுக்கு சாரி.”

“நான்தான் சாரி சொல்லணும்... நீங்க சொன்னதுதான் சரி.” அவள் கண் கலங்கிவிட்டது. மாதாவே, உனக்கு நன்றி!

அவள் ரோலை மாட்டி முடிக்கும் வரை குடை முழுவதும் கேமராவுக்கு மேல்தான் இருந்தது. அவன் தொப்பலாக நனைந்தான்.

நீலக் கோட்டுப் பெண்கள் சூழ்ந்து நிற்க, நடுவில் அன்னமேரி. பஸ் ஹாரன் அடித்தது. அவள் அவசரமில்லாமல் காலரை நீவி, மஞ்சள் கோட்டின் பித்தானைச் சரிசெய்து நிமிர்ந்தாள். அந்த நிமிர்வில் முகம் எப்படிப் பொலிந்தது! கலர் முகத்தை மறைக்கும் என்று இத்தனை நாள் பேசியதை நினைத்து ஷார்லினுக்கு வெட்கமாக இருந்தது.

கிளிக்.

“நன்றி மா,” என்று ஷார்லினின் கன்னத்தைத் தொட்டாள் அன்னமேரி. “கோட்டு போனாலும் இது எங்கிட்ட இருக்கும்.”

பஸ் போனது. குடைக்குள் இரண்டு பேர்.

“காலையில நீங்க குறுக்க வந்தீங்கல்ல... அதுவும் படத்துல விழுந்துடுச்சு,” என்றாள் ஷார்லின்.

“அலாமா! நானும் சாம்பலா?”

“சாம்பல்தான். கலரா இருந்திருந்தா உங்க சிவப்புச் சட்டையைத்தான் பாத்திருப்பேன்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அதுல முகம் மட்டும்தான் இருந்துச்சு. கோவமே தெரியல. அம்மா மேல உள்ள பாசம்தான் தெரிஞ்சுச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, பிரையன்.”

மழை கொட்டியது. அவன் குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தான்.

“எனக்கு ஃபிலிம் பத்தி ஒன்னும் தெரியாதுங்க,” என்றான் மெல்ல. “கடையில ரோல் வாங்கறப்ப, ‘அந்தப் பொண்ணு வரணும் ஆண்டவரே’ன்னு வேண்டிக்கிட்டேன். அம்மா படத்துக்காக மட்டும் வேண்டிக்கல.”