கலையாத பட்டை

மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆகியும் துளியைச் சுற்றியிருந்த பட்டை கலையவில்லை.

கலைந்திருக்க வேண்டும். விளக்கெண்ணெய் நிரம்பிய கண்ணாடித் தொட்டி, அதற்குள் இரு பக்கமும் செம்புத் தகடுகள், நடுவில் மிளகளவு சிலிக்கோன் எண்ணெய்த் துளி, துளியின் மேலெல்லாம் மாவுபோல் ஒட்டிய பிளாஸ்டிக் மணிகள். தகடுகளுக்கு மின்சாரம் கொடுத்தால் மணிகள் ஓடிவந்து துளியின் இடுப்பில் பட்டையாகக் கூடும். நிறுத்தினால் சோம்பலாகப் பிரிந்து போகும். நாலு வருட ஆராய்ச்சியில் அவள் கேமரா வழியே பார்த்துச் சலித்த விஷயம்.

பிளக்கையே பிடுங்கிவிட்டாள். திரையில் பட்டை அப்படியே நின்றது. ஜன்னலில் மதிய வெயில், ஏ.சி.யின் உறுமல், எண்ணெயின் கனத்த வாடை. அதற்கும் அடியில், மூன்று வாரமாக எத்தனை முறை பினாயில் போட்டுத் துடைத்தும் போகாத கருகல் வாடை.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை முடித்தவர் எர்த் குச்சியால் தகட்டைத் தொட்டு மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, குச்சியைத் தகட்டின் மேலேயே சாய்த்து வைக்க வேண்டும். குச்சி சாய்ந்திருந்தால் அடுத்தவர் தைரியமாகக் கை வைக்கலாம். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள், குச்சியைத் தரையோடு இணைக்கும் கம்பியை வேறொரு கருவிக்குக் கழற்றியிருந்தவள், மறுபடி மாட்ட மறந்து, கைப்பழக்கத்தில் வெறும் குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டாள். அவளுடைய மூத்த சகா அதை நம்பினார். பழைய வெட்டுத் தழும்பு குறுக்கே ஓடும் அவருடைய வலது கட்டைவிரல்தான் முதலில் தகட்டைத் தொட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

ஆட்கள் ஓடிவருவதற்குள் அவள் செய்த காரியம் ஒன்றுதான். குச்சியை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள்.

விசாரணையில், அவர் குச்சியை எடுக்கவே இல்லை என்றாள். அவருக்கு ஆய்வகத்தில் ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். “நிதானமே அவசரப்பட்டுடுச்சு பாருங்க” என்று கேன்டீனில் யாரோ சொன்னபோது இவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் முகம் கூசியது. கண்ணாடியில் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அவருடைய மனைவி.

“அவரோட மூக்குக்கண்ணாடிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் போகவில்லை.

“அடுப்ப அணைச்சமான்னு மூணு தடவ பாத்துட்டுத்தான்மா படுப்பாரு. நீ பக்கத்துலயே இருந்தியே. அந்தக் குச்சிய அவரு எடுக்கவே இல்லையா?”

சொல்லிவிடலாம். இப்போதாவது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வேலை, பெயர், நாளை இந்த அறையில் எல்லாரும் பார்க்கப்போகும் பார்வை, எல்லாம் சேர்ந்து அதை உள்ளே தள்ளின.

“இல்ல அண்ணி. குச்சி அந்தக் கொக்கியிலதான் இருந்துச்சு.”

கையை நீட்டிக் காட்டினாள்.

கொக்கி காலியாக இருந்தது.

குச்சி தகட்டின் மேல் சாய்ந்திருந்தது. அன்றுபோலவே கம்பி இல்லாத வெறும் குச்சி. அவள் வைக்கவில்லை. இன்று அதைத் தொடவே இல்லை.

ஏ.சி. நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? கருகல் வாடை தொண்டைவரை வந்தது.

அண்ணி அவள் தோளுக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் திரும்பினாள்.

பட்டை அவிழ்ந்துகொண்டிருந்தது. கலையவில்லை. கோடுகளாகப் பிரிந்தது. வளைந்தது. ஒரு வளைவுக்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு கோடு. அதில் மட்டும் ஒரு மணிகூட இல்லை.

“இது அவரு கட்டைவிரலு” என்றார் அண்ணி, மிக மெதுவாக.

திரையில் ரேகைகள் மெல்ல அகன்று, தட்டையாகி, நடுவில் வெளுத்தன. உள்ளிருந்து யாரோ கண்ணாடியில் விரலை வைத்து அழுத்தினால் வெளுப்பதுபோல்.